டெஸ்ஸியின் துப்பாக்கிக்கு இன்னும் ஒரு துண்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். ஹெம்லாக் ஓடைப் பக்கத்து மலைகளில், பொய் சொல்கிறவன் கண்ணில் மான் படாது என்று ஒரு பேச்சு உண்டு. இதைச் சொல்கிறவன் கண்ணில் வருஷம் தவறாமல் பட்டிருக்கிறது. ஒரே ஒரு வருஷம் படவில்லை, அந்த வருஷம் மூடுபனி.

அணில் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம். லோவெல் ஸ்டாஃபர் தன் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த சின்னத் துப்பாக்கியை எண்ணெய் போடுவதற்காக இறக்கினான். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வால்நட் கட்டையில், சுடுகிறவர் கன்னம் வைக்கிற இடத்தில், மெருகு தேய்ந்து தோலின் பிசுக்கு ஏறி, காசு அகலத்துக்கு ஒரு மங்கல். புழங்குகிற எந்தத் துப்பாக்கியிலும் வருவதுதான். இந்தத் துப்பாக்கியில் மட்டும் யாரும் கன்னம் வைத்ததில்லை. யாருக்காகச் செய்தானோ, அவள் அது முடிவதற்குள் போய்விட்டாள்.

லோவெல் பகலில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவன். மாலையில் ஊராருக்குத் துப்பாக்கிக் கட்டை செதுக்கிக் கொடுப்பான். அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குப் பத்து வயது நிறையும்போது, அதன் கைக்கு அளந்து ஒரு சின்னத் துப்பாக்கி செய்து தருவது வழக்கம். தகர டப்பாவையும் அணிலையும் சுடுவதற்கு. மகள் டெஸ்ஸிக்குப் பத்து வயதாகப் போகிற அந்தக் குளிர்காலத்தில், அவன் தன் அப்பாவின் பழைய துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றித் துடைத்து வைத்தான். பிறகு இன்னும் செதுக்காமல் செங்கல் மாதிரி இருந்த வால்நட் மரக்கட்டை ஒன்றைச் சமையலறைக்குத் தூக்கி வந்து அவளைக் கூப்பிட்டான்.

அளக்கிற முறை எளிது. பிள்ளை முழங்கையை மடக்கி நிற்க வேண்டும். கட்டையின் பின்முனை முழங்கை மடிப்பில் அண்ட வேண்டும். ஆள்காட்டி விரல் விசை வரப்போகிற இடத்தைத் தொட வேண்டும். பின்முனை நீட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்ட வேண்டும். டெஸ்ஸி நெளிந்தாள், கட்டை ஜில்லென்று இருக்கிறது என்றாள், கையில் ஒட்டியிருந்த மேப்பிள் பாகைக் கட்டையிலும் பூசினாள். அவன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முழங்கை மடிப்புக்கு நேராக ஒரு கோடு போட்டான்.

"இவ்ளோவையும் வெட்டிருவியாப்பா? நான் வளந்துட்டா?"

"வெட்டுன துண்டை யாரு எறியப் போறா? மெல்லிசா அறுத்து வச்சிக்கிட்டு, வருஷத்துக்கு ஒண்ணா பின்னால முடுக்கிருவேன்."

"எவ்ளோ வளந்தாலுமா?"

"எவ்ளோ வளந்தாலும்."

"மெர்ல் பெரியப்பா அளவுக்கு?"

"அவரு அளவுக்கு வளந்தா துப்பாக்கி எதுக்கு? நீ நின்னாலே மான் விழுந்துரும்."

பிப்ரவரியில் மூளைக் காய்ச்சல் வந்தது. வாரக் கடைசிக்குள் எல்லாம் முடிந்தது. குன்றுக்கு அந்தப்புறம், தேவாலயத்தின் பின்னால், உறைந்த மண்ணை நெருப்புப் போட்டு இளக்கித்தான் குழி தோண்ட வேண்டியிருந்தது.

துப்பாக்கியை அதற்குப் பிறகு செய்தான். ஏன் என்று அவன் மனைவி ஆர்டித்தும் கேட்கவில்லை. மனுஷன் எதையாவது இழைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அண்ணன் மெர்ல் மட்டும் ஒருநாள், என் பேத்திக்காவது கொடுடா, சுவரில் தொங்கினால் கரையானுக்குத்தான் பயன் என்றார். லோவெல் அதைத் துடைத்து ஆணியில் மாட்டினான். மெர்லும் மறுபடி கேட்கவில்லை.

அவளுக்குப் பதினொன்று நிறைந்திருக்க வேண்டிய நாளில் அவன் முதல் துண்டைப் பின்முனையில் வைத்து முடுக்கினான். சும்மா, ஒரு கணக்குக்கு. சில வீடுகளில் பிள்ளையின் உயரத்துக்கு வருஷா வருஷம் கதவுநிலையில் கோடு போடுவார்கள் இல்லையா, அது மாதிரி. மறு வருஷம் இன்னொன்று. அதற்கு மறு வருஷம் இன்னொன்று. அப்படிப் போனபோதுதான் அந்த மங்கல்.

உப்புத்தாளால் தேய்த்தான், ஆளிவிதை எண்ணெய் பூசினான், மங்கல் போய்விட்டது. அடுத்த துண்டு வைத்த சில நாளில் திரும்ப வந்தது. இந்த முறை விரல் அகலம் பின்னால் தள்ளி. கழுத்து நீண்ட பிள்ளை எங்கே கன்னம் வைக்குமோ அங்கே. மூக்கருகே கொண்டுபோனான். எண்ணெய் வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. நனைந்த கம்பளிச் சட்டை. மேப்பிள் பாகு.

அவன் பயப்படவில்லை. அதைத்தான் பிறகு நினைத்து நினைத்துப் பயந்தான்.

வெட்டி வைத்திருந்த துண்டுகள் தீர்ந்தன. அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆர்டித், மான்கறிக் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே, இந்த வருஷத்தோடு விட்டுவிடலாமே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "செத்தவங்க வளர மாட்டாங்க, லோவெல். அது ஒண்ணுதான் அவங்களுக்கு மிச்சம். அதையும் புடுங்காத."

அவனும் சரி என்றான். அந்த வருஷம் ஒன்றும் வைக்கவில்லை.

முதல் பனி விழுந்த சாயங்காலம், ஆலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது பட்டறையில் சத்தம் கேட்டது. கட்டை எதிலோ உரசும் சத்தம், தோளில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, இடம் பொருந்தாமல் பிள்ளைகள் அவஸ்தைப்படுவார்களே, அந்தச் சத்தம். பிறகு, டிக். வெற்றுத் துப்பாக்கியின் விசையை இழுத்த சத்தம். சின்னத் துப்பாக்கியில் குண்டு இல்லாமல் விசையை இழுத்தால் உள்ளிருக்கும் ஊசி குழலின் விளிம்பைக் கொத்திவிடும். பேசப் பழகிய நாளிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது அது. டெஸ்ஸிக்கு அவனே சொல்லியிருக்கிறான்.

டிக்.

தப்புச் செய்துவிட்ட பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைதி.

அவன் உள்ளே போனபோது துப்பாக்கி சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றே ஒரு பழைய நாற்காலியின் காலை அறுத்து, அந்த வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வைத்து முடுக்கினான்.

அதிலிருந்து அது வருஷக் கணக்கில் நிற்கவில்லை. மாதத்துக்கு ஒன்று கேட்டது. பிறகு வாரத்துக்கு ஒன்று. வைக்காத நாளில் டிக், டிக் என்று சமையலறை வரை கேட்கும். நாற்காலிகள் போயின. மேஜையின் நீட்டுப்பலகை போனது. துப்பாக்கி சுவரில் அடங்காமல் தரைக்கு வந்தது; தரையில் அடங்காதபோது லோவெல் பட்டறைக்கும் மளிகை அறைக்கும் நடுச்சுவரில் ஓட்டை போட்டு நீட்டினான். ஆர்டித் அதன் மேல் துவைத்த துணி காயப்போட்டாள். வேறென்ன செய்வாள்? மெர்ல் வந்து முன்முனையிலிருந்து பின்முனை வரை நடந்து பார்த்துவிட்டு, நடுவில் ஒரு காபி குடித்துக்கொண்டார்.

"டேய், நீ இங்க விசையை இழுத்தா, அங்க தோள்ல உதை வாங்குறவன் கடுதாசி போட்டுத்தான் சொல்லணும்."

யாரும் சிரிக்கவில்லை. மெர்லும் துண்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வால்நட், மேப்பிள், பைன், சாயம் பூசிய தொட்டில் சட்டம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மங்கல், காசு அகலம், கன்னத்தின் அகலம். போகும்போது, சாவு வீட்டிலிருந்து போகிறவர்போல, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

டெஸ்ஸியின் கட்டில் தலைப்பலகையை அவன் அறுக்க எடுத்த அன்று ஆர்டித் பெட்டியைக் கட்டினாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். நீயும் வரலாம். ஒரே ஒரு காரியம் செய்துவிட்டு வா.

"அவகிட்ட போதும்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா. எப்பவும் உன் பேச்சைத்தான் கேப்பா."

"என்னன்னு சொல்றது?"

"போதும்னு. அவ்ளோதான். நான் வண்டியில இருக்கேன்."

அவள் முற்றத்தில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லோவெல் பட்டறைக்குள் போனான். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் டிசம்பரில் அந்த மலையில் வெளிச்சம் யாரோ போர்வையை இழுத்துக்கொள்வதுபோல் சட்டென்று போகும். மரத்தூள் வாசனை, எண்ணெய் வாசனை, அணைந்த அடுப்பின் சாம்பல் வாசனை, எல்லாம் குளிரில் தனித்தனியாக நின்றன. வெளியே வண்டி இஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. அவன் விசையருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

டெஸ்ஸி வந்து சேர்ந்த சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

விசையின் மேல் ஒரு விரல் இருந்தது.

சின்ன விரல். நகத்தில் ரோஸ் சாயம், பாதி உரிந்தது. அந்தச் சாயத்தோடுதான் புதைத்தார்கள். மணிக்கட்டில் பூனை பிறாண்டிய தழும்பு. ஒன்பது வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு, அவன் இரண்டு விரலால் வளைத்துப் பிடிக்கிற அளவுதான். அதற்குப் பின்னால் கை. மெலிந்து, வெளுத்து, கட்டையோடு ஒட்டிக் கிடந்தது. வால்நட்டைத் தாண்டியது. மேப்பிளைத் தாண்டியது. சுவர் ஓட்டைக்குள் புகுந்தது.

அவன் எழுந்து அதன் கூடவே நடந்தான். மளிகை அறை. காயப்போட்ட துணிகளுக்கு அடியில், கை. தொட்டில் சட்டம் தாண்டி, துப்பாக்கி முடிந்த இடம் தாண்டி, கை. எங்கும் தடிக்கவில்லை. எங்கும் மடங்கவில்லை. அவன் வருஷா வருஷம் கூட்டிய நீளமெல்லாம் அந்தக் கையில் ஏறியிருந்தது. வேறெதையும் அவன் வளரவிடவில்லை.

பின்கதவு திறந்திருந்தது.

"அப்பா." குரல் பக்கத்தில் இல்லை. வயலுக்கு அப்பால், குன்றுக்கு அப்பால், பனியின் மேல் வழுக்கி வந்தது. களைத்திருந்தது. "முழங்கைக்கு எட்டலப்பா."

போதும். சொல் நாக்கில்தான் இருந்தது.

முற்றத்தில் ஆர்டித் ஒருமுறை ஹாரன் அடித்தாள். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.

"வலிக்குதாடா கண்ணு?"

"இல்லப்பா. தூரமா இருக்கு."

அவன் திரும்பி ரம்பத்தை எடுத்தான். வீட்டில் வேறு மரம் இல்லை. பின்கதவைக் கீலிலிருந்து கழற்றினான், முழங்காலுக்கடியில் போட்டு அழுத்தினான், அறுக்கத் தொடங்கினான். இரு, என்றான். இரு கண்ணு. இன்னும் ஒரு துண்டு.

வண்டி நகர்ந்தது. பாதையில் இறங்குவதற்காக அவள் திருப்பியபோது அதன் விளக்கு வெளிச்சம் கதவில்லாத வாசலைத் தடவி, வயலின் மேல் மெல்லச் சுற்றியது. வெள்ளை வயல். அதன் மேல் வேலிபோல் நேராகக் கிடந்தது அந்தக் கை, ஓடையைத் தாண்டி, குன்றின் மேல் ஏறி, அந்தப்புறம் இறங்கி. பனி அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. உருகவில்லை. வெளிச்சம் போன பிறகும், இந்த முனையில், ஒரு விரல் விசையை இழுக்காமல் பொறுமையாகக் காத்திருந்தது.

லோவெல் ஸ்டாஃபரின் பட்டறையில், வைஸ் என்ற இடுக்கியின் பிடியில், டெஸ்ஸியை அளந்த அதே வால்நட் கட்டை இன்றும் செங்கல் மாதிரி அப்படியே இருக்கிறது; அதில் முழங்கைக்கு நேராகப் போட்ட பென்சில் கோடு ஒன்று உண்டு, ரம்பமோ உளியோ ஒருநாளும் பட்டதில்லை.