இரண்டு தட்டு

அச்சிலிருந்து அன்று எடுத்த பொம்மையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. துணிக்கடைப் பொம்மை செய்கிறவன் அதை விரலால் தடவிப் பார்த்தான். அவன் மனைவியின் முகத்தில் எடுத்த அச்சு அது. இத்தனை வருடமும் மூடிய வாய்தான் வந்திருக்கிறது. காற்றுக்குமிழாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

அந்த முகம்தான் அவனுக்குச் சோறு போட்டது. என்ன ஒரு சாந்தம் என்று கடைக்காரர்கள் சொக்கிப்போவார்கள். அவனும் வெட்கமில்லாமல் தலையாட்டி வாங்கிக்கொள்வான். அது சாந்தம் இல்லை, மயக்கம். மூக்கில் குழாய் செருகி, முகம் முழுக்க ஈர பிளாஸ்டரை அப்பியபோது, மூச்சு முட்டினால் மேசையை இரண்டு தடவை தட்டு என்று அவன்தான் சொல்லியிருந்தான். தட்டினாள். அச்சு இறுகியிருக்கவில்லை, எடுத்தால் பாழாகிவிடும். இன்னும் கொஞ்சம் பொறு என்றான். மறுபடி தட்டினாள். அப்புறம் தட்டவில்லை. அன்றிலிருந்து எந்தக் குளிரிலும் அவள் போர்வையை முகத்துக்கு இழுத்ததில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

பட்டறையை ஒட்டிய சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா தட்டுனீங்க?"

"இல்லையே."

"ரெண்டு தட்டு கேட்டுச்சு."

அவன் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கூனிக்குறுகிப் போனான்.

பொழுது சாய்ந்து, பிளாஸ்டர் புழுதி தொண்டையில் கரகரக்க, சுவரோரம் வரிசையாக நின்ற தலையில்லாத உடல்களின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த அச்சுக்குள்ளிருந்து அவனுக்கும் கேட்டது. இரண்டு தட்டு.

சுத்தியலை ஓங்கினான். உடைத்தால் பிழைப்பு போச்சே என்றுதான் அப்போதும் முதலில் தோன்றியது. சீ என்றிருந்தது. ஆனாலும் அடிக்காமலே கை இறங்கிவிட்டது.

குனிந்து பார்த்தான். அச்சின் குழிந்த முகம் அவன் பக்கம் திரும்பியது. தொட்டான். சூடு. வருடக்கணக்காகக் காய்ந்த அச்சு. இறுகிக்கொண்டிருக்கும் பிளாஸ்டர்தான் சுடும்.

ஈரம். அவன் நெற்றியில். மூக்கில். வாய்க்குள்.

முகம் அச்சுக்குள். கை மட்டும் வெளியே. மேசையைத் தட்டினான். இரண்டு.

கதவருகே மனைவியின் காலடி வந்து நின்றது.

"என்னங்க?"

மறுபடி தட்டினான்.

புதுப் பொம்மை, திறந்த வாயால், அவன் குரலிலேயே நிதானமாகப் பதில் சொன்னது.

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் பொறு."

காலடி திரும்பிப் போயிற்று.