அரை மணி நாற்காலி

தடுப்பூசி போட்ட அறைக்கு அடுத்த அறையில், ஒரு நாற்காலியில் இருந்த தையல்காரம்மா கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. நர்ஸ் அவரைப் படுக்கவைத்து, ஒற்றைக் கையால் தலையணைகளை இழுத்துக் கால்களுக்கு அடியில் வைத்தார். பிறகு அவசர மருந்துப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் மருந்து இருக்க வேண்டிய இடம் காலி.

டாக்டர் மாடிக்கு ஓடி, அங்கிருந்த அலமாரியில் ஒன்றை எடுத்துவந்து தொடையில் போட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது தையல்காரம்மா கண் திறந்திருந்தார். உயிர் போய் உயிர் வந்தது எல்லோருக்கும்.

இதையெல்லாம் எதிர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் போலீஸ் இன்ஸ்பெக்டரம்மா. விடுப்பு எடுத்து, சாதாரணப் புடவையில், தனியாக ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்தார். போட்டுக்கொண்டவர்கள் அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழக் கூடாது. ஊரையே ஓட ஓட விரட்டுகிறவருக்கும் அதே சட்டம்தான். ஆகவே விசாரணை உட்கார்ந்தபடியே நடந்தது.

"பெட்டிச் சாவி எங்க இருக்கும், டாக்டர்?"

"ஆணியில. இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்? ராத்திரி பூரா இங்க இருக்கறது வாட்ச்மேன்தான். இன்னையோட அவன் சீட்டைக் கிழிச்சிடறேன்."

வாசலில் வாட்ச்மேனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

"வேற என்ன காணோம்?"

"ஒரு சிரிஞ்ச்."

"தூக்க மருந்து?"

"அது அப்படியே இருக்கு."

விற்கிற திருடன் தூக்க மருந்தை விட்டுவைப்பானா? சிரிஞ்சும் சேர்த்து எடுத்தவருக்கு ஊசி போடத் தெரியும். இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நேத்து கடைசியா கிளம்பினது யாருண்ணே?"

"டாக்டர் சீக்கிரமே போயிட்டாரும்மா. சிஸ்டர்தான் கடைசி. ஒரு ஆளு வரல, ஒரு ஊசி மருந்து மிச்சம்னு வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க. நான்தான் பூட்டணும்னு அவசரப்படுத்தினேன்."

நர்ஸ் வழக்கம்போலச் சோதிக்க வந்தார்.

"மூச்சு முட்டுதா மேடம்? அரிப்பு? நாக்கு தடிச்ச மாதிரி?"

"ஒண்ணுமில்ல."

"வீட்டுல கூட யாரு இருக்கா?"

"தங்கச்சி இருக்கா."

மேல் தட்டிலிருந்த கருவியை எடுக்க நர்ஸ் இடது கையைத் தூக்கினார். முகம் சுளித்தது. வலது கைக்கு மாறினார்.

"கை என்னாச்சு சிஸ்டர்?"

"பஸ்ல இடிச்சுக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் ஊசி போட்ட தன் இடது தோளைத் தடவிக்கொண்டார். அதே இடம்.

"டாக்டர், திறந்த குப்பியில மிச்சம் இருந்தா?"

"மறுநாளைக்கு ஆகாது. கொட்டிடணும்."

டாக்டர் மாடிக்குப் போகும்வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு நர்ஸிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அதைக் கொட்ட உங்களுக்கு மனசு வரல. நீங்களே போட்டுக்கிட்டீங்க. ஆனா அரை மணி உட்கார முடியல, வாட்ச்மேன் அண்ணன் பூட்ட வந்துட்டாரு. வீட்டுல பார்த்துக்க ஆளு இருந்தா அட்ரினலினை எடுத்துட்டுப் போயிருக்க மாட்டீங்க."

நர்ஸ் மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல ஒரு மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு நின்னுடுச்சு மேடம். அப்ப அம்மா இருந்தாங்க. நேத்து ராத்திரி அந்த மருந்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு முழிச்சே கிடந்தேன். விடியற நேரத்துல கண்ணசந்துட்டேன். அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்ததுல அங்கேயே விட்டுட்டேன். பெட்டியைத் திறந்தப்பதான்..."

வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்தார்.

"அவர் வேலை போகக் கூடாது. நானே டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லுங்க. உங்க வேலைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா சொல்லித்தான் ஆகணும்."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாடிப்படிவரை போனவர், பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"உங்க அரை மணி முடிஞ்சிருச்சு மேடம். வீட்டுக்குப் போகலாம். ராத்திரி ஒரு கண்ணு வச்சுக்கச் சொல்லுங்க, தங்கச்சிகிட்ட."

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தங்கச்சி கிடையாது, சிஸ்டர். நீங்க சொல்லிட்டு வாங்க. இங்கேயே இருக்கேன்."