மஞ்சள் தொட்டிக்காரனின் அரிப்பு

கொதிகலன் பழுதாகிச் சாயப்பட்டறையைப் பூட்டிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. சிவப்புத் தொட்டிக்காரர் கையும் நீலத் தொட்டிக்காரர் கையும் மனிதர் நிறத்துக்குத் திரும்பிவிட்டன. மஞ்சள் தொட்டியில் நிற்கும் அவள் கணவன் கையில் மட்டும் மஞ்சள் போன பாடில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நார் கொண்டு தேய்த்தாள். தேய்த்த இடம் சிவந்தது. சிவப்பு அடங்கியதும் மறுபடி மஞ்சளாகவே நின்றது.

"விடும்மா, தோல் உரிஞ்சிடப் போகுது," என்று சிரித்தான் அவன். "பதினெட்டு வருஷத்து மஞ்சள். என்னை ஊறப்போட்டாலே ஒரு லாரி துணிக்குச் சாயம் ஏத்தலாம்."

அவளும் சிரித்துவைத்தாள். பட்டறையில் யார் யாருடைய தோலைப் பார்த்தார்கள்? அவரவர் தொட்டியின் நிறம்தான் அவரவர் நிறம். அங்கே அவனுக்குப் பெயரே 'எலுமிச்சை'. இத்தனைக்கும் அதே பட்டறையில் நிறம் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். வெள்ளை விளக்குப் பெட்டிக்குள் துணியை வைத்து, மாதிரியோடு ஒட்டிப் பார்த்து, ஒரு நூலளவு மாறியிருந்தாலும் மொத்தச் சரக்கையும் திருப்பியனுப்புகிறவள். பாழாய்ப்போன அந்தக் கண்ணுக்கு வீட்டுக்குள் மட்டும் ஒன்றும் தெரியாமல் போயிற்று.

அன்று பிற்பகல், அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, மின்விசிறியின் முனகலுக்கும் தெருவில் போகும் வண்டிகளின் இரைச்சலுக்கும் அடியில், உள்ளறையிலிருந்து காய்ந்த பெட்டியில் தீக்குச்சியை உரசுவதுபோல ஒரு சத்தம், நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்று வந்துகொண்டே இருந்தது. எலிதான் என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். அவன் கதவு நிலையில் முதுகைத் தேய்த்தபடி, பத்து விரலாலும் வயிற்றைச் சொறிந்துகொண்டு நின்றான். பனியனில் ரத்தக் கோடுகள்.

"ஐயோ, என்னங்க இது?"

"பத்து நாளா அரிக்குது. வலியா என்ன, சொல்றதுக்கு?"

அவனை ஜன்னலோரம் இழுத்துப்போனாள். கொளுத்தும் வெயில். கீழிமையை விரலால் இறக்கினாள். விழியின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. எந்தத் தொட்டியின் சாயமும் அதற்குள் போகாது. உடனே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார். சாப்பாடு இறங்குகிறதா? உடம்பு இளைத்ததா? சிறுநீர் கறுப்புத் தேநீர் மாதிரியும், மலம் சுண்ணாம்பு மாதிரியும் போகிறதா? எல்லாவற்றுக்கும் அவன் ஆமாம் என்றான். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார்.

"கணையத்தோட தலைப்பக்கம் கட்டி. பித்தம் இறங்குற குழாயை நெரிக்குது. அதான் இந்த மஞ்சள், இந்த அரிப்பு."

"அவருக்கு வலியே இல்லையே, டாக்டர்?"

"வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்கம்மா. இப்ப ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிடுச்சு. வெட்டி எடுக்க வழியில்ல. வியாழக்கிழமை குழாய்ல ஒரு சின்ன வலைக்குழல் வெச்சா பித்தம் வடியும், அரிப்பு குறையும். அவ்வளவுதான் என்னால முடியும். அதுவரைக்கும் காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

வியாழனுக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளைத் தாண்டி அவள் எதையும் நினைக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வியாழன் வரை போய்ச் சேர்ந்துவிட்டால் போதும்.

அவன் தூங்கவில்லை. மாத்திரையும் களிம்பும் எடுபடவில்லை. நகத்தை ஒட்ட வெட்டினாள், சுவரில் தேய்த்தான். ஈரத்துணி சுற்றினாள், துணியோடு சேர்த்துப் பிராண்டினான். கைகளில் காலுறை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டினாள். குழந்தைபோலக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவம். தலையணை உறை மஞ்சளாயிற்று. தினமும் காலையில் பட்டறையின் நிற மாதிரிப் புத்தகத்தை அவன் தோளருகே விரித்துப் பார்த்தாள். திங்களன்று எலுமிச்சை, செவ்வாயன்று பித்தளை, புதனன்று பாசிப்பச்சைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்தச் சரக்கை யாருக்குத் திருப்பியனுப்புவாள்?

புதன் நண்பகல். மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்றதும் வீடே அடங்கிவிட்டது.

"கொஞ்சம் நீ சொறிஞ்சு விடேன்," என்றான். "என்னால முடியல. விலாவுக்குக் கீழ."

கட்டிலில் உட்கார்ந்து பனியனைத் தூக்கினாள். உலர்ந்த தோல். விரல்நுனியால் மெல்லச் சொறிந்தாள். அவன் கண்ணை மூடினான். நான்கு நாளில் முதல்முறையாக அவன் முகம் தளர்ந்தது. அதைக் கண்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் உள்ள."

அழுத்தினாள். சரக். சரக்.

கை வலித்தது. நிறுத்தினாள்.

சரக்.

அவன் கைகளைப் பார்த்தாள். காலுறைக்குள். கட்டிலின் இரு பக்கமும். அசையவில்லை.

சரக்.

விரல்நுனியில் பட்டது. தோலுக்கு அடியிலிருந்து. மெதுவாக. நகம் படுவதுபோல.

கையை எடுத்தாள். அவன் வீறிட்டான்.

"எடுக்காதம்மா! உன் கால்ல விழறேன்!"

வியாழனுக்கு இன்னும் ஒரு பகல், ஒரு ராத்திரி. வேறென்ன செய்வாள்? கையைத் திரும்ப வைத்தாள். இடப்பக்கம் நகர்த்தினாள். உள்ளே அதுவும் நகர்ந்தது. வலப்பக்கம். அதுவும்.

"ஆமா," என்று அவன் கண் திறவாமல் சிரித்தான். "ரெண்டு கையாலயும் சொறியிறியே. சுகமா இருக்கு."

அவளுடைய இடது கை அவள் வாயைப் பொத்தியிருந்தது.