அலைகளை எண்ணியவள்

சுண்டுவின் வீட்டில் சாப்பாட்டு மேசையின் மேல் தட்டு வைக்க இடம் கிடையாது. வண்ணக் குழாய்கள், தூரிகைகள், கறை படிந்த துணிகள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. அம்மாவும் அவளும் ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிடுவார்கள்.

சுண்டு என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் இல்லை. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். பக்கத்து வீட்டுத் தையல் அத்தை வைத்த பெயர் அது. பத்து வயதாகியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா ஓவியர். பழைய கவிதைப் புத்தகம் ஒன்றில் வரும் புராணப் பெண்களைப் படங்களாக வரைந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் பெரிய அறையில் கண்காட்சி. நான்கு படங்கள் முடிந்துவிட்டன. ஐந்தாவதுதான் பாக்கி.

அது அலைகளை எண்ணியவளின் கதை. அவளுடைய மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவள் கரைக்குப் போய்ப் பிள்ளையைத் திருப்பிக் கேட்டாள். கடலரசன் சிரித்தான். "என் அலைகளை ஒன்றுவிடாமல் எண்ணி முடி, தருகிறேன்" என்றான். அவள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "ஒன்று" என்று ஆரம்பித்தாள்.

அவளை வரைவதற்கு மாதிரியாக உட்கார்ந்தது தையல் அத்தைதான். தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மஞ்சள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் முக்காலியில் உட்காருவாள்.

"எத்தனை துணி வேணும்னாலும் தைச்சுடுவேன். கையைச் சும்மா வெச்சுக்கிட்டு உட்காருறது இருக்கு பாரு, அதுலதான் உயிர் போகுது" என்பாள். அம்மா சிரிப்பாள். சிரித்தால் தூரிகை ஆடும் என்று சுண்டு இருவரையும் மிரட்டுவாள்.

செவ்வாய்க்கிழமைதான் அத்தை முதன்முதலாகப் படத்தைப் பார்த்தாள். சால்வை அப்படியே இருந்தது. மூக்கும் அச்சு அசல் அத்தையின் மூக்குதான். ஆனால் படத்தில் இருந்தவளின் கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். சால்வையை நான்காக மடித்து முக்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை அத்தை வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

"முகம் பாதியிலே நிக்குது. கூப்பிட்டா வேலை இருக்குங்கிறாங்க. அக்காவுக்கு என் மேல என்ன வருத்தம்னே புரியலையே" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கையில் இருந்த நீலம் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

சுண்டு செருப்பை மாட்டிக்கொண்டு தையல் கடைக்கு ஓடினாள்.

கடையில் வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. அத்தை ஒரு தட்டில் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எங்க மேல கோபமா?"

அத்தை நிமிரவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தி 'பேசாதே' என்று காட்டினாள். கண்கள் இடுங்கியிருந்தன. உதடுகள் அசைந்தன. "நாற்பத்தேழு... நாற்பத்தெட்டு." பிறகுதான் சுண்டுவைப் பார்த்தாள்.

"கோபமெல்லாம் இல்லடி."

"அப்போ ஏன் வரலை?"

அத்தை பொத்தான்களை ஒரு டப்பாவில் கொட்டி மூடினாள்.

"என் பையன் கப்பல் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. இந்தத் தெருவுல யாராவது என் கண்ணுல தண்ணியப் பார்த்திருக்காங்களா? இப்போ அந்தப் படத்தைப் பார்த்துட்டு ஊரே 'ஐயோ பாவம்'னு சொல்லும். எனக்கு அந்த வார்த்தையே ஆகாது."

அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்று சுண்டு சொல்லியிருக்கலாம். ஆனால் அது அத்தைக்கே தெரிந்திருக்கும். சுண்டு வீட்டுக்கு வந்து கவிதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

முதல் தடவை படித்தபோது பாதி புரியவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் புரிந்தது. மூன்றாவது தடவை படித்ததும் துள்ளி எழுந்தாள்.

"அம்மா! இவ அழுதாள்னு இதுல எங்க இருக்கு?"

"அதைத் தனியா வேற சொல்லணுமா? பிள்ளையைப் பறிகொடுத்தவ அழாம இருப்பாளா?"

"அழுதா கண்ணு மங்கிடுமே, அம்மா. எண்ணிக்கை தப்பிடும். தப்பினா திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். அப்புறம் பையன் எப்போ வருவான்?"

அம்மா அப்படியே பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியில் ஒரு பச்சை வண்ணக் குழாய் இருந்தது.

"அம்மா, பச்சை!"

"இருக்கட்டும். நீ மறுபடியும் சொல்லு."

சுண்டு மறுபடியும் சொன்னாள். அத்தை சொன்னதையும் சொன்னாள். அம்மா ஒரு துணியை எண்ணெயில் நனைத்து, படத்தில் இருந்த கண்ணீரை மெதுவாகத் துடைத்தாள். நிஜமான ஒருத்தியின் கன்னத்தைத் துடைப்பது போலவே இருந்தது.

இருவரும் அத்தையின் வீட்டுக்குப் போனார்கள்.

"அக்கா, தப்பு என்னுதுதான். உங்களைக் கேட்காமலே அழ வெச்சுட்டேன்" என்றாள் அம்மா.

அத்தை கதவைத் திறந்தபடி நின்றாள். சுண்டு சட்டென்று புத்தகத்தைத் திறந்து கவிதையைப் படிக்க ஆரம்பித்தாள். கடினமான சொற்களில் தடுக்கி விழுந்து, எழுந்து, ஒருவழியாகப் படித்து முடித்தாள்.

அத்தை கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை அலை எண்ணுவாளாம்?"

"அது இதுல இல்லை, அத்தை."

"பத்துப் பத்தாப் பிரிச்சு எண்ணணும். பத்துக்கு ஒரு கூழாங்கல் பக்கத்துல எடுத்து வெச்சுக்கிட்டா தப்பவே தப்பாது. அதை அவகிட்ட யாரும் சொல்லலையா?"

"நான் கூழாங்கல் வரைஞ்சுடறேன், அக்கா" என்றாள் அம்மா வேகமாக.

"கடைசியில எண்ணி முடிச்சாளா?"

"அதுக்குள்ள பாட்டு முடிஞ்சு போச்சு" என்றாள் சுண்டு.

"முடிச்சிருப்பா" என்றாள் அத்தை. உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கும் மறுநாளும் அத்தை மடியில் ஒரு டப்பா பொத்தான்களோடு முக்காலியில் உட்கார்ந்தாள். சும்மா பாவனை இல்லை, நிஜமாகவே எண்ணினாள். அம்மாவின் தூரிகை நிற்கவே இல்லை. சனிக்கிழமை மாலை படம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நல்ல கூட்டம். ஐந்தாவது படத்துக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாறைமேல் ஒருத்தி, பக்கத்தில் கூழாங்கற்கள், இடுங்கிய கண்கள். அவளுடைய இடது கை லேசாக உயர்ந்திருந்தது.

"இந்தம்மா விடமாட்டாங்க. அந்தக் கடலரசன்தான் பாவம்" என்றார் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர்.

புதுச் சேலை கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றிருந்த அத்தைக்கு அது காதில் விழுந்தது. கூட்டம் குறைந்ததும் படத்தின் அருகே வந்தாள். மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு, அக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"தோள்பட்டையில ரவிக்கைத் தையல் கோணலா இருக்கு."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சுண்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் கண்கள் நிறைந்து, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது.

"அத்தை! அவளே அழலை. நீங்க ஏன் அழறீங்க?"

"அவளுக்கு வேலை இருக்குடி. எனக்கு இன்னிக்கு லீவுதானே."

சொல்லிவிட்டு அத்தையே சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அத்தை கண்ணைத் துடைக்காமலே அம்மாவின் கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்து விட்டாள்.

பக்கத்தில் மாட்டியிருந்த படத்தில் ஒருத்தி காற்றைத் தன் கூந்தலில் முடிந்து வைத்திருந்தாள்.

"வாடி சுண்டு, இவ கதையைப் படி" என்றாள் அத்தை. "இந்தத் தலையை எப்படித்தான் சீவினாளோ!"