மறதிச் சான்று

கூட்டணி மாறிய மறுநாள் காலை நினைவுக் கழுவகத்தின் வாசலில் வரிசை நிற்பது, நெல்லைக்குழியில் தண்ணீருக்கு வரிசை நிற்பது மாதிரி சாதாரண விஷயம். மாவட்டச் செயலாளர்கள் முதலில், வட்டச் செயலாளர்கள் அடுத்து, மேடைப் பேச்சாளர்கள் கடைசியில். ஒவ்வொருவராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கவிழ்த்த கிண்ணத்துக்குள் இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார்கள். நேற்றுவரை யாரைத் துரோகி என்றார்களோ, அந்த நினைவு கரைந்துவிடும் என்பது ஏற்பாடு. எழுந்து வருகிறவர் தோளில் புதுக் கூட்டணியின் துண்டைப் போடுவார்கள். பழைய துண்டு வாசலில் இருக்கும் தொட்டிக்குப் போகும். அதைத் துவைத்து மடித்து அடுக்கி வைக்கவும் ஓர் ஆள் உண்டு. இரண்டொரு வருடத்தில் திரும்பத் தேவைப்படும் சரக்கை யார் வீசியெறிவார்கள்?

நெல்லைக்குழி, செவ்வாய்க் கோளின் தெற்குப் பாதியில் கண்ணாடிக் குவிமாடம் போட்டு மூடிய ஒரு பள்ளம். நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். தண்ணீர் வடமுனைப் பனியிலிருந்து லாரியில் வரவேண்டும். ஆளுக்கு நாளைக்கு ஆறு லிட்டர். வடமுனையிலிருந்து ஒரு குழாய் போட்டால் கவலை தீர்ந்தது. அந்தப் பனிக்குழாயைக் கொண்டுவருவோம் என்று சொல்லித்தான் முப்பது வருடத்துக்கு முன்னால் குழி மைந்தர் கழகம் பிறந்தது. கழகம் வளர்ந்தது. தலைவரின் வீடு வளர்ந்தது. குழாய் மட்டும் பிறக்கவில்லை.

கோளை ஆள்வது வடமுனையில் இருக்கும் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று: ஐக்கியக் கோள் கட்சி, இல்லாவிட்டால் புதுச் செவ்வாய்க் கட்சி. கழகத் தலைவரிடம் இருந்ததெல்லாம் கோள் மன்றத்தில் ஆறு இடங்கள். ஆனால் அந்த ஆறை அவர் விற்ற விதம் சந்தையில் பழகினவர்களுக்கே பாடம். ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு எதிர்க்கடைப் படியில் ஒரு காலை வைப்பார். முதல் கடைக்காரன் கூப்பிடும்வரை இரண்டாவது காலைத் தூக்கமாட்டார். இப்படிப் பதினான்கு முறை கூட்டணி மாறியிருக்கிறார். ஒன்பதாவது முறை மட்டும் புதுச் செவ்வாய்க் கட்சி நல்லெண்ணத்துக்கு அடையாளமாக ஒரு லாரி நிறைய இரும்புக் குழாய்த் துண்டுகளைக் கொண்டுவந்து குவிமாடத்தின் மேற்கு வாசலில் கொட்டியது. குவியல் அங்கேயே கிடக்கிறது. அடிதடி வந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் அதிலிருந்துதான் ஆளுக்கொரு துண்டை உருவிக்கொண்டு போவார்கள்.

கழுவகம் வந்ததற்கும் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை கூட்டணி மாறிய மறுநாள், கூட்டுப் பொதுக்கூட்டத்தில் கழகப் பேச்சாளர் ஒருவர் பேச்சுவேகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது நண்பரைப் பழைய பெயர் சொல்லியே திட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒப்பந்தத்தின் முதல் விதியே இதுதான்: இரு தரப்பு நிர்வாகிகளும் வேட்பாளர்களும் நினைவைக் கழுவி, மறதிச் சான்று வாங்கவேண்டும். சான்று சும்மா கிடைக்காது. கழுவி முடிந்ததும் சினமானி என்ற கருவியை மணிக்கட்டில் கட்டி, புது நண்பரின் படத்தைக் காட்டுவார்கள். ஊசி அசையக்கூடாது. அசைந்தால் சான்று இல்லை. சான்று இல்லாதவருக்கு மேடையில் நாற்காலியும் இல்லை, தொகுதியும் இல்லை.

இந்தத் தடவை ஊசி ஒரே ஓர் ஆளுக்கு அசைந்தது. அசைந்தது என்று சொல்வது மரியாதைக்கு. கடைசி முளையில் மோதி நின்றது. அந்த ஆள் கொம்பையா.

கொம்பையா கழகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சுவரொட்டி ஒட்டி, கொடி கட்டி, தெருமுனையில் தொண்டை கிழியப் பேசி மேலே வந்தவர். இதுவரை பொறுப்பு எதுவும் இல்லாததால், கழுவகத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. மேற்கு மாடத் தொகுதி இந்த முறை அவருக்கு என்று தலைவர் வாயாலேயே வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்குக் கூட்டுப் பொதுக்கூட்டம். அதற்குள் சான்று வராவிட்டால் தொகுதி தலைவரின் மைத்துனருக்குப் போகும். மைத்துனர் காலையிலேயே சலவை வேட்டி கட்டிக்கொண்டு கழுவகத்துக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தார், கொம்பையாவைப் பார்த்தபோதெல்லாம் உடம்பு எப்படி என்று விசாரித்தபடி.

காட்டிய படம் பலவேசத்தினுடையது. ஐக்கியக் கோள் கட்சியின் குழிப் பொறுப்பாளர். நேற்று மாலையிலிருந்து நண்பர். இரண்டு வருடத்துக்கு முன்னால், பனிக்குழாய்ப் போராட்டத்தில், இதே பலவேசம் தன் கையாலேயே ஒரு குழாய்த் துண்டை எடுத்துக் கொம்பையாவின் வலது முட்டியைப் பொடிப்பொடியாக்கினார். செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் பாதிகூட இல்லை, விழுந்தால் பூப்போல விழலாம் என்பார்கள். ஓங்கி வருகிற இரும்புக்கு அதெல்லாம் தெரியாது. இப்போது அங்கே இருப்பது உலோக முட்டி. குவிமாடத்துக்கு வெளியே குளிர் ஏறும்போது அது உள்ளே இருந்து கடிக்கும். கடிக்கும்போதெல்லாம் கொம்பையா பலவேசத்தின் வம்சத்தை வரிசையாக நினைத்துப் பார்ப்பார்.

இரண்டாவது தடவை கழுவச் சொல்லி மதியம் ஒரு மணிக்கு அவர் திரும்பி வந்தபோது உள்ளே கழுவகத் தொழில்நுட்பர் ரெஜினாள் மட்டும் இருந்தாள். பதினைந்து வருடமாக அவள்தான் அந்த நாற்காலிக்கு எஜமானி. கொம்பையா கதவைச் சாத்திவிட்டுச் சத்தம் போட்டார். மைத்துனரிடம் ஏதோ வாங்கிக்கொண்டு தனக்கு மட்டும் இயந்திரத்தைக் குறைத்து வைத்துவிட்டாள் என்றார். கழுவகத்தை நடத்தும் வடமுனைக் கம்பெனிக்கு எழுதி நாற்காலியைப் பிடுங்கிவிடுவேன் என்றார். அவள் நிதானமாகக் கிண்ணத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தாள். உள்ளே ஒரு சின்ன விசிறியும் ஒரு நீல விளக்கும் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

"எழுதுங்க அண்ணாச்சி. நானே ரெண்டு தடவ எழுதிட்டேன், பதில் இல்ல. நினைவைக் கரைக்கிற சாமான் கருகிப்போய்ப் பதினோரு வருஷமாச்சு."

கொம்பையாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். சாமான் கருகிய வாரமே கூட்டணி மாறியதாம். வாசலில் வரிசை வந்துவிட்டதாம். என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியைப் போட்டு எல்லாரையும் இருபது நிமிடம் உட்காரவைத்தாளாம். எப்படியும் சினமானியில் மாட்டிக்கொள்வோம், வேலை போகட்டும் என்று இருந்தாளாம். ஒருவருக்குக்கூட ஊசி அசையவில்லை. அன்றிலிருந்து விசிறிதான்.

"பதினோரு வருஷத்துல, மறக்கலன்னு திரும்பி வந்த மொத ஆளு நீங்கதான்" என்றாள்.

அப்படியானால் சினமானியும் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றார் கொம்பையா. இல்லை, அது மட்டும் சுத்தமாக வேலை செய்கிறது, உங்கள் ஊசி மோதினதைப் பார்க்கவில்லையா என்றாள் அவள். பிறகு எல்லாருக்கும் எப்படி மறந்துபோகிறது என்று கேட்டார்.

"யாருக்கு மறந்துச்சு? ஊசி ஞாபகத்தையா அளக்குது? கோவத்தைல்லா அளக்குது. இருந்தாத்தான அண்ணாச்சி அசையும்."

கொம்பையா நாற்காலியில் உட்கார்ந்தார். பலவேசத்துக்கு ஊசி என்ன காட்டியது என்று கேட்டார். வெளியே சொல்லக்கூடாத விஷயம்தான். ஆனால் ரெஜினாள் பழைய பதிவுகளைத் திரையில் ஓடவிட்டாள். இன்று காலை கொம்பையாவின் படத்தைக் காட்டியபோது பலவேசத்தின் ஊசி பூஜ்யம். அது போகட்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், முட்டியை உடைத்த மறுநாள், வடமுனை விசாரணைக்காக அதே பலவேசத்தை அதே கருவியில் சோதித்திருக்கிறார்கள். கொம்பையா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அன்றும் பூஜ்யம்.

இதுதான் கொம்பையாவை அடித்தது. குழாய் அடித்ததைவிடப் பலமாக. இரண்டு வருடமாக அவர் ஒருத்தனை உயிரைக் கொடுத்து வெறுத்துக்கொண்டிருந்தார்; அந்தப் பக்கமும் அதே எடைக்கு வெறுப்பு இருக்கும் என்று நம்பியிருந்தார். பேரத்தில் கடைக்காரன் முகம் சிவந்து, இந்த விலைக்குக் கொடுத்தால் என் குடும்பம் தெருவுக்கு வரும் என்று கத்துவதை நிஜக் கோபம் என்று நம்பி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுக் கூடவே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு வருகிற புது ஆள் மாதிரி, இந்தக் கழகத்திலேயே, ஏன் இந்தக் கோளிலேயே, தான் ஒருவன்தான் பேசினதையெல்லாம் மெய்யென்று நினைத்துப் பேசியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. காது மடல் சுட்டது.

ரெஜினாள் கேட்காமலேயே சினமானியை அவர் மணிக்கட்டில் கட்டி, பலவேசத்தின் படத்தைத் திரையில் போட்டாள். ஊசி ஒருமுறை துள்ளியது. பிறகு இறங்கியது. பூஜ்யத்தில் நின்றது. கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்திருந்தது. வெட்கத்தை அளக்க அந்தக் கருவியில் ஏற்பாடு இல்லை. அவள் சான்றில் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

புறப்படும்போது, வெளியே தொண்டர்களுக்கு ஏன் கழுவுவதில்லை என்று கேட்டார் கொம்பையா. கம்பெனி ஒருமுறை அதற்கும் முயன்று பார்த்தது என்றாள் அவள். தெருவில் நூறு பேருக்குச் சினமானி கட்டினார்களாம். நூறு பேருக்கும் ஊசி முளையில் மோதியதாம். ஆனால் அன்று காலை தலைவர் யார் பெயரைச் சொல்லித் திட்டினாரோ அவர் படத்துக்கு மட்டும். மறுவாரம் தலைவர் வேறொருவர் பெயரைச் சொல்லித் திட்டினார். ஊசியும் படத்தை மாற்றிக்கொண்டது. கழுவ அங்கே ஒன்றும் இல்லை என்று கம்பெனி எழுதிவிட்டுப் போய்விட்டது.

நான்கு மணிக்கு மேற்கு வாசல் திடலில் கூட்டம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் கொம்பையாவின் ஆட்கள். போராட்டத்தன்று அவருக்கு முன்னால் விழுந்து அடி வாங்கி, இரண்டு முன்பற்களை இழந்த இசக்கியும் அங்கேதான் இருந்தான். தோளில் புதுத் துண்டு. மைத்துனர் மேடைக்குக் கீழே நின்றார், வேட்டி கசங்கியிருந்தது.

பலவேசம் எழுந்து வந்து கொம்பையாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. கட்டித் தழுவும்போது ஒலிவாங்கிக்கு எட்டாத குரலில் கேட்டார்.

"முட்டி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

கேட்டதில் கிண்டல் இல்லை. கடையில் பழைய வாடிக்கையை விசாரிக்கிற தொனி. கொம்பையா அந்த முகத்தை அருகில் பார்த்தார். உலோக முட்டி உள்ளே ஒருமுறை கடித்தது.

"எந்த முட்டி?" என்றார்.

பலவேசம் தோளில் தட்டிக் கொடுத்தார். நல்ல சரக்கைக் கையில் வாங்கிப் பார்த்தவனின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

பிறகு கொம்பையா ஒலிவாங்கியைப் பிடித்தார். நேற்று மதியம்வரை கூட்டணியில் இருந்த புதுச் செவ்வாய்க் கட்சிதான் முப்பது வருடமாகப் பனிக்குழாயைத் தடுத்து நிறுத்திய துரோகி என்றார். அவர்கள் அலுவலகம் இதே தெருவில், நூறு அடி தள்ளி இருப்பதையும் சொன்னார். குரல் நடுங்கியது, கண் கலங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு நன்றாகப் பேசினதே இல்லை என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அப்போது மணிக்கட்டில் சினமானி கட்டிப் பார்த்திருந்தால் ஊசி தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவன் இசக்கி.

தண்ணீர் லாரி அன்றும் வரவில்லை. கூட்டம் கலைந்தபோது மேற்கு வாசல் குவியலில் பதினொரு குழாய்த் துண்டுகள் குறைந்திருந்தன.