அச்சு அசல்

காலை ஏழரை மணிக்கு நிறைமதி கிளாப் பலகையை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சுவரில் இருந்த படக்கண் பச்சையாக விழித்தது.

"காட்சி இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு, டேக் ஒன்று."

தினகரன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "காபி ஆறிடுச்சாம்மா?" என்று தன் வசனத்தைப் பேசினார். அவள் கட் சொன்னாள். "வணக்கம், ஏகாம்பரம்" என்றபடி மருந்துப்பேழை திறந்து இன்சுலின் ஊசியை நீட்டியது.

தினகரன் என்று பெயர் சொல்லி அது வணக்கம் வைத்து மூன்றரை வருஷம் ஆகிறது. அரசாங்க உயிர்ப்பதிவேட்டின் கணக்கில் தினகரன் செத்துப்போய்விட்டார். உயிரோடிருப்பது ஏகாம்பரம்தான்.

சைதாப்பேட்டையில் நகலகம் வைத்திருந்தவர் தினகரன். முப்பது வருஷம் ஊரார் ஆவணங்களைப் பிரதி எடுத்தவர். திரைக்கல்லூரியில் மகள் எடுத்த முதல் குறும்படத்துக்கு ஓர் இறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று நாள் உட்கார்ந்தார். தாளின் பழுப்பு, முத்திரையின் லேசான கோணல், பதிவாளரின் அவசரக் கையெழுத்து எல்லாம் வந்துவிட்டன. பொய்ப் பெயர் போட்டால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும் என்று தன் பெயரையும் பதிவேட்டில் இருக்கும் தன் உயிரெண்ணையுமே போட்டார். அப்படியொரு தொழில் பெருமை! தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர என்ன செய்ய முடியும்?

பத்து நிமிட மாணவர் படத்துக்கு நாற்பத்தொரு படிவங்கள். இடத்துக்கு ஒப்புதல், முகத்துக்கு ஒப்புதல், குறுக்கே பறக்கிற காக்கைக்குக்கூட ஒன்று. எல்லாவற்றையும் அலுவலி என்கிற குரல் இயந்திரம் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொள்ளும். முப்பத்தெட்டாம் படிவத்தில் அது கேட்டது: "காட்சியில் வரும் சான்றிதழ் அசலா, பாவனையா?"

மதி வாயைத் திறப்பதற்குள் தினகரன் முந்திக்கொண்டார். "அச்சு அசல்!"

அலுவலி இரண்டாவது சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. அசல் என்று பதிந்து, சான்றிதழை உயிர்ப்பதிவேட்டுக்கு அனுப்பிவைத்தது. மறுநாள் தினகரனுக்குப் பேருந்துக் கதவு திறக்கவில்லை. மருந்துப்பேழையும் திறக்கவில்லை. மகள் பெயரில் ஊசி வாங்கவும் வழியில்லை. ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து, ஆள் ஒத்துப்போனால்தான் அது உள்ளே இறங்கும்.

கைவசம் பதினோரு நாளுக்கு மருந்து இருந்தது. அந்தப் பதினோரு நாளும் மதி பதிவேட்டு அலுவலகத்துக்கு நாயாக அலைந்தாள். திருத்த மனுவை உரியவர் மட்டுமே தரலாம், உரியவர் இறந்துவிட்டார். அப்பாவையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். உயிரோடு நிற்பவருக்கு எதற்குத் திருத்தம் என்றது குரல். சட்டையைப் பிடித்துக் கேட்க அந்தக் கட்டடத்தில் ஒரு மனிதர்கூட இல்லை.

வழி கண்டுபிடித்தது சர்மிளா அக்கா. கல்லூரியின் அனுமதிப் பிரிவில் மிச்சமிருந்த ஒரே மனித எழுத்தர் அவர்தான். படப்பிடிப்பில் இருக்கும் பாத்திரத்துக்கு உணவு, வாகனம், மருந்து எதையும் மறுக்கக் கூடாது. நடிப்பவர் யாரென்று கேட்கவும் கூடாது. பெரிய படக் கம்பெனிகளின் வசதிக்காக வந்த சட்டம் அது. கம்பெனிகளுக்கு முப்பது நாள் அனுமதி. மாணவர் படத்துக்கு மட்டும், மாணவர் தேர்ச்சி பெறும் வரை.

அப்படி அப்பாவுக்காகப் பிறந்த பாத்திரம்தான் ஏகாம்பரம். அன்றிலிருந்து மதி தேர்ச்சி பெறவில்லை. பதில் தெரிந்த கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. அதை நான்கு முறை செய்துவிட்டாள். இந்த ஒரு விஷயம் மட்டும் தினகரனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஊசியைத் தொட மாட்டார்.

"இன்னிக்கு ரிசல்ட்டு இல்ல?" என்றார் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே. "மதின்னு பேரு வெச்சேன். மதிப்பெண்ணுதான் வந்து சேர மாட்டேங்குது."

"வரும்ப்பா."

"என்னையே படம் பிடிச்சிக்கிட்டு உன் படிப்பு போச்சும்மா. உன்கூடப் படிச்சதுங்க எல்லாம் எங்கேயோ போயிடுச்சுங்க."

அவள் படப்பிடிப்பு அனுமதியின் நீட்டிப்புப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கல்லூரியில் சர்மிளா அக்கா அந்தப் படிவத்தைக் கையில் வாங்கவில்லை.

"உக்காருடி."

"சீல் வெச்சுக் குடுங்கக்கா, பஸ்சு போயிடும்."

"நீ பாஸ்."

மதி சிரித்தாள். "விளையாடாதீங்கக்கா. நான் ஒரு எழுத்துகூட எழுதல."

"யாரையும் பின்தங்க விடக் கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்கு. எல்லாருக்கும் கருணை மதிப்பெண். உனக்கு மொத்தத்தையும் கருணையிலயே போட்டிருக்கு அலுவலி."

"எனக்கு வேணாம்னு எழுதிக் குடுக்கறேன்."

"காலையிலேர்ந்து தேடிட்டேன். கருணையை வேணாம்னு சொல்றதுக்குப் படிவம் இல்லடி."

"வேற பையன் யார் படத்துலயாவது அப்பாவைச் சேத்துடலாம்க்கா."

"பாத்திரம்னா இப்ப நடிகரோட உயிரெண் கேக்குது. போன வருஷமே சட்டம் மாறிடுச்சு. உன்னுது பழைய அனுமதிங்கறதால ஓடிச்சு."

மேஜையில் படப்பிடிப்பு நிறைவு அறிக்கை கிடந்தது. அவள் கையெழுத்துக்குக்கூட அதில் இடம் விட்டிருக்கவில்லை.

"படத்தை எப்பக்கா மூடுவாங்க?"

"பன்னெண்டு மணிக்கே மூடியாச்சு." சர்மிளா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றரை வருஷமாக அவள் பொத்திப் பொத்திக் காத்த தோல்வியை ஓர் இயந்திரம் இரக்கப்பட்டுப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. வைதிருந்தால் திருப்பி வையலாம். இரக்கப்பட்டதை என்ன செய்வது? மாலை வரை பதிவேட்டு அலுவலகத்தில் நின்றாள். பழைய கேள்விக்குப் பழைய பதில்தான் வந்தது.

வீட்டு மாடிக்கு ஏறியபோது ஒவ்வொரு வாசலிலும் வாழ்த்தினார்கள். எல்லார் வாயிலும் லட்டு. அலுவலி வாழ்த்துச் செய்தியை நேரே வீட்டுக்கே அனுப்பியிருந்தது. தினகரன் வாசலில் தட்டோடு நின்றார். வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

"பாஸாயிட்டியேம்மா!" குரல் உடைந்தது. "என் அட்டை என்னமோ மதியத்திலேர்ந்து வேலை செய்யல. கீழ் வீட்டுப் பிரகதிதான் லட்டு வாங்கியாந்தா. வாயைத் திற."

திறந்தாள்.

"திட்டாத, நானும் ரெண்டு தின்னுட்டேன். ஊசியில கொஞ்சம் ஏத்திப் போட்டுக்கிட்டா சரியாப் போயிடும். நேரமாச்சு பாரு, பலகையை எடு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறும்போது நினைத்திருந்தாள். அவர் தலையை வாரிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவள் பலகையை எடுத்தாள்.

"காட்சி இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதிமூன்று, டேக் ஒன்று."

படக்கண் விழிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார். அந்த வசனத்தை அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"கட்" என்றாள்.

பேழை மூடியே இருந்தது. தினகரன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு காத்திருந்தார். அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

"சந்தோஷத்துல கொஞ்சம் ஓவரா நடிச்சிட்டேன் போல. இன்னொரு டேக் போலாமாம்மா?"