நப்தாலிக்காக ஏழு நாள்

அன்று காலை பதினோரு மணிக்குள் ஹதாசா இரண்டு பேரை மணந்து, இரண்டு பேரையும் விவாகரத்து செய்திருந்தாள். முதலாமவனோடு ஒன்பது வருஷம், அடுத்தவனோடு நாலரை. கனவுக்கூடத்துக் கட்டிலிலிருந்து எழுந்து, நெற்றியில் ஒட்டியிருந்த வில்லையை உரித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

கனிமீட் நிலவில் இது சாதாரணம். குடியேறிய ஒவ்வொருவரின் நினைவுப்படியும் பொதுப் பதிவகத்தில் இருக்கும். பிடித்தவரின் படியை எடுத்து 'முன்வாழ்வு' பார்க்கலாம். அரை மணித் தூக்கத்தில் அரை நூற்றாண்டு இல்லறம், கசந்தால் விழித்துக்கொள்ளலாம். முப்பத்து நான்கு வயதுக்குள் ஹதாசா நூற்றுப் பதினோரு கணவர்களை விட்டு விழித்திருந்தாள். ஒருவன் ஆறாம் வருஷத்தில் அவள் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டத் தொடங்கினான். இன்னொருவனிடம் குறையே இல்லை. அதுவே அவளுக்கு மூச்சுமுட்டியது.

அம்மா பொறுமையிழந்து சிம்ஹாவிடம் போனாள். சென்னையிலிருந்து கப்பலேறிய யூதக் குடும்பங்களுக்கெல்லாம் பொருத்தம் பேசுகிறவள் சிம்ஹா. அவளுடைய முறை பழையது. இரு வீட்டையும் விசாரிப்பாள். பிறகு இருவரும் பொது இடத்தில் மூன்று முறை சந்தித்துப் பேச வேண்டும். நான்காம் முறை பதில்.

"முன்வாழ்வு மட்டும் பாக்கக் கூடாது. சம்மதமா?" என்றாள் சிம்ஹா.

சலித்துப்போயிருந்த ஹதாசா தலையசைத்தாள்.

மாப்பிள்ளை நப்தாலி, பனி துளைக்கும் எந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். முதல் சந்திப்பன்று தேநீர்க்கடை ஜன்னல் முழுக்க வியாழன் மிதந்துகொண்டிருந்தது. அதன் செம்பழுப்புப் பட்டைகள் அவன் முகத்தில் மெல்ல நகர்ந்தன.

"என்னைப் பத்தி என்ன விசாரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கோவம் வந்தா எத்தனை நாள் பேசமாட்டாங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாள். எனக்கும் அவ்வளவுதாங்க ஆகும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த இரு சந்திப்புகளிலும் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. இவனை இழக்க அவளுக்கு மனமில்லை; தெரியாமல் ஏற்கவும் துணிவில்லை. பதில் சொல்ல வேண்டிய நாளன்று காலை, யாரிடமும் சொல்லாமல் கனவுக்கூடத்தில் போய்ப் படுத்தாள்.

நாற்பத்தொரு வருஷம். இரண்டு பெண்கள், ஒரு பேரன், வெள்ளிக்கிழமைதோறும் மேஜையில் மெழுகுவர்த்திகள். ஒரு தடவைகூட விழிக்கத் தோன்றவில்லை. கடைசியில் நப்தாலி அவள் விரல்களைப் பற்றியபடியே இறந்துபோனான். விழித்தவள் தன் கைகளைப் பார்த்தாள். சுருக்கமில்லாத கைகள், யாருடையவோ போலிருந்தன.

சம்மதம் சொல்லத் தேநீர்க்கடைக்கு ஓடினாள். நப்தாலி கோப்பையில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க சர்க்கரையை விட்டு ரொம்ப வருஷமாச்சே," என்றாள் ஹதாசா.

"எப்பவும் மூணு கரண்டி."

குரல் சற்றுக் கரகரப்பாக இருந்தது. காதோரம் நரையில்லை. சிரிப்பு வேறு பக்கமாகக் கோணியது. அவள் தன் முகத்தில் வேறொருவனைத் தேடுவதை அவன் கவனித்தான்.

"என்னோட வாழ்ந்து பாத்துட்டீங்க, இல்லையா?"

"நாப்பத்தொரு வருஷம்."

"நல்லா இருந்தேனா?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது.

"அவரோட என்னால போட்டி போட முடியாதுங்க," என்று சொல்லி நப்தாலி எழுந்து போனான்.

ஹதாசா வீட்டுக்கு வந்து, சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு, கணவனை இழந்தவளாகத் தாழ்ந்த மணையில் உட்கார்ந்தாள். யூதர்களுக்கு அது ஏழு நாள் துக்கம்.

"உயிரோட திரியறவனுக்கா துக்கம்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு வந்த சிம்ஹா அவளைத் திட்டவில்லை. "நாப்பத்தொரு வருஷம் வாழ்ந்திருக்கா. உக்காரட்டும்," என்று துக்க வீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணிபோட்டு மூடினாள்.

இறந்தவனைத் தெரிந்தவர் உலகத்தில் வேறு யாருமில்லை. ஆறுதல் சொல்ல ஒருவரும் வரவில்லை.

ஆறாம் நாள் பிற்பகல் நப்தாலி வந்தான். கையில் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் அவித்த முட்டைகள். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது வழக்கம். அவன் பேசாமல் தரையில் உட்கார்ந்தான்.

வியாழனின் பெரும்புயல் ஜன்னலின் ஒரு விளிம்பில் தோன்றி மறுவிளிம்பில் மறைந்தது. ஹதாசா எதிரே இருந்தவனைப் பார்த்தாள். ஒரு முட்டையை உரிக்கத் தெரியாமல் பாதியைப் பிய்த்து வைத்திருந்தான். இந்த மனிதன் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

"அவர் உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க," என்றான் நப்தாலி. "ரொம்ப நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன்."

துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதே என்று அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.